ட்ராலியில் ஒட்டிய கைப்பட்டைகள்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? நான் நலம். கோபம்தான் தலைக்கேறி இறங்க மாட்டேன் என்கிறது.

மாத்திரை ஆள் மாறிப் போகாமலிருக்க எங்கள் வார்டுக்கு ஒரு ஸ்கேனர் தந்திருக்கிறார்கள். மாத்திரைக் கவரையும் நோயாளி கையில் பெயரோடு கட்டியிருக்கும் பட்டையையும் காட்டினால், சரியென்றால் பச்சை விளக்கு, தப்பென்றால் சிவப்பு. வாங்கிய மகராசன் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை மருந்து ட்ராலியோடு வயரில் கட்டிவைத்திருக்கிறார்கள்; ட்ராலியை நடுவில் நிறுத்தினால் வயர் ஜன்னலோரக் கட்டில்வரை எட்டாது. அதனால் மற்ற சிஸ்டர்கள் எல்லா நோயாளிகளின் பட்டைக்கும் நகல் எடுத்து ட்ராலியிலேயே ஒட்டி, அங்கேயே பச்சை வாங்கிவிடுகிறார்கள். கட்டிலில் படுத்திருப்பது யாரென்று யார் பார்ப்பது?

நேற்று நான் ட்ராலியைக் கட்டிலில் முட்டும்வரை இழுத்துப்போய், ஜன்னலோரம் படுத்திருந்த தாத்தாவின் கையிலேயே காட்டினேன். சிவப்பு! காற்றுக்காகப் பக்கத்துக் கட்டில்காரரிடம் இடம் மாற்றிக்கொண்டிருக்கிறார். பயப்படாதே, மாத்திரை என் கையில்தான் இருந்தது.

ஹெட் சிஸ்டர் வந்து கத்தினார். “உன் ஒருத்தியால எல்லாருக்கும் லேட்டு. ட்ராலியில ஒட்டினது கண்ணுக்குத் தெரியலையா?”

“அந்தப் பேப்பரா மாத்திரை முழுங்கப் போகுது?” என்று கேட்டு, அத்தனையையும் கிழித்துக் குப்பையில் போட்டேன். அதிலிருந்து யாரும் என்னோடு பேசுவதில்லை.

உன் மாத்திரையையும் அப்பாவுடையதையும் ஒரே டப்பாவில் போடாதே. அப்புறம், போன் செய்யும்போது முதலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. இங்கே நோயாளிக்காவது கையில் பெயர் கட்டியிருக்கிறது. நான் எல்லோருக்கும் வெறும் சிஸ்டர்தான்.

டியூட்டிக்கு ஓடுகிறேன்.

உன் மகள்