ஐம்பதில் ஒரு பங்கு கதவு

மார்ச் 4, செவ்வாய்

நகராட்சியின் புதிய அலுவலகத்துக்கான கட்டட மாதிரி என் மேசைக்கு வந்துவிட்டது. தச்சர் நேர்த்தியாக வெட்டி ஒட்டியிருக்கிறார். ஐம்பதில் ஒரு பங்கு. இனி சுவர், புல், மனிதர்கள் எல்லாம் என் தூரிகைக்கு. கட்டடக்கலையில் பட்டம் வாங்கி இருபத்தாறு வருஷம் கழித்து, மூன்றரை சென்டிமீட்டர் ஆட்களுக்குக் கால்சட்டை வரைகிறேன். வாய் திறக்காதவளுக்குப் பொருத்தமான வேலைதான். அவர்களும் பேசமாட்டார்கள்.

அக்ரிலிக் குப்பிகளில் பாதி காய்ந்து கிடக்கின்றன. மூடியைச் சரியாக மூடாத மகராசி யார்? நான்தான்.

மார்ச் 6, வியாழன்

அடிப்பூச்சு பூசும்போதுதான் கவனித்தேன். கீழ்த்தளத்தில் ஆண்களுக்கு இரண்டு கழிப்பறை. பெண்களுக்கு இரண்டாம் மாடியில் ஒன்றே ஒன்று. லிஃப்ட் "பிறகு பார்க்கலாம்".

அக்கா அந்தக் கீழ்த்தளத்தில்தான் வரி கவுன்டரில் உட்காரப்போகிறாள். பழைய கட்டடத்திலும் இதே கதை. முழங்கால் இரண்டும் போனவள்; மாடி ஏறப் பயந்து சாயங்காலம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. போன மாதம் அதனாலேயே காய்ச்சலில் விழுந்தாள்.

அளவுகோலிடம் கேட்டேன். (எங்கள் தலைமைக் கட்டடக் கலைஞர். முதுகும் கருத்தும் வளையாது.)

"கீழ வர்றது பெரும்பாலும் ஆம்பளைங்கதானேம்மா. நீங்க பெயின்ட்டப் பாருங்க."

மார்ச் 7, வெள்ளி

சரி. பெயின்ட்டைப் பார்க்கிறேன்.

மார்ச் 12, புதன்

அளவுகோல் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. முன்பு கட்டடம் கட்டச் சொன்ன ஒருவர், "மாதிரியில இருந்த தூண் எங்கய்யா?" என்று பலர் முன்னால் இவர் மானத்தை வாங்கியதிலிருந்து நடப்பு: மாதிரியின் அடியில் கட்டச் சொன்னவர்களின் கையெழுத்து விழுந்துவிட்டால் அதுதான் முடிவு. வரைபடம்தான் மாற வேண்டும், மாதிரி மாறாது.

படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெற்றுச் சுவர். பின்னால் சாமான் அறை. தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் இரண்டும் அதை ஒட்டியே போகின்றன. வரைபடத்தில் மூன்று தடவை சரிபார்த்தேன். என் குறும்பை நானே எளிதில் நம்பிவிடுவதில்லை.

மார்ச் 13, வியாழன்

கதவு நாலு சென்டிமீட்டர் உயரம். நீலம், தண்ணீராய்க் கரைத்து மூன்று பூச்சு. ஓரத்தில் மயிரிழைக் கறுப்பு இழுத்தேன் — கதவு சுவருக்குள் பதிந்தாற்போல் ஆகிவிட்டது. முன்னால் ஐந்து பெண்களை வரிசையாக ஒட்டினேன். கடைசியில் நிற்பவள் கையில் ஊன்றுகோல்.

பதற்றத்தில் தூரிகையை டீயில் கழுவியிருக்கிறேன். குடித்த பிறகுதான் தெரிந்தது.

தச்சர் வந்து பார்த்தார். "இங்க நான் கதவு வெட்டலையேம்மா?"

"நீங்க வெட்டல. நான் வரைஞ்சேன்."

வரிசையை உற்றுப் பார்த்தார். "இன்னும் ரெண்டு பேர நிறுத்துங்க. என் வீட்டுக்காரி நின்ன வரிசைக்கு இது பத்தாது." வாசல்வரை போய்த் திரும்பினார். "பல்லு நீலமா இருக்கும்மா."

மார்ச் 18, செவ்வாய்

காலையில் அவசரமாகத் தெருவிளக்குகளுக்கு மஞ்சள் வைத்தேன். மாதிரிமேல் கண்ணாடிப் பெட்டியைத் திருகி மாட்டி வண்டியில் ஏற்றிய பிறகுதான் பார்க்கிறேன் — நீலக் கதவின் நெற்றியில் ஒரு மஞ்சள் சொட்டு! காய்ந்தும் போயிருந்தது.

நகராட்சிக் குழுவில் ஐந்து பேர். அளவுகோல் குச்சியால் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். குழுவின் ஒரே பெண், தணிக்கை அதிகாரி, குனிந்தார்.

"இதென்ன சார், இத்தனை பொம்பளைங்க வரிசையில நிக்கிறாங்க?"

குச்சி நின்றது. அளவுகோல் என்னைப் பார்த்தார். கூட்டத்தில் நான் பேசியதே கிடையாது. எழுந்து நின்றேன்.

"பெண்கள் கழிப்பறைங்க. கீழயும் ஒண்ணு வேணும்னு... சாரோட யோசனை."

அந்த அம்மா கை தட்டினார். தட்டினார்! "என் சர்வீஸ்லயே இத யோசிச்ச முதல் ஆம்பள நீங்கதான் சார்."

தெரியாது என்று சொல்லும் வழக்கம் அளவுகோலுக்கு இல்லை. வந்த பாராட்டைத் திருப்பி அனுப்பும் வழக்கமும் இல்லை. "மனுஷங்களுக்காகத்தானே கட்டடம்," என்றார்.

"கதவுல மஞ்சளா என்னமோ இருக்கே?" என்றார் குழுத் தலைவர்.

அளவுகோல் கண்கூடச் சிமிட்டவில்லை.

"விளக்குங்க. உள்ள ஆள் இருந்தா எரியும்."

மாதிரியின் அடியில் ஐந்து கையெழுத்தும் விழுந்தன.

மார்ச் 19, புதன்

அளவுகோல் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"அந்த விளக்கு எப்படி வந்துச்சு?"

"சிந்திடுச்சு சார்."

"கதவு?"

"அது சிந்தல சார்."

மேசையிலிருந்த வரைபடத்தைச் சுருட்டி என்னிடம் நீட்டினார். பிறகு, "வரைபடத்த மாத்தச் சொல்லுங்க. விளக்கையும் சேர்த்து," என்றார். நான் எழுந்து வாசலை அடைந்ததும், "என்னை எதுவும் கேட்காம இனிமே எனக்கு யோசனை வரக்கூடாது," என்றார்.

அடுத்த வருஷம், ஜூன் 10, புதன்

பதினொரு மணிக்கு அக்கா அலுவலகப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றபடி போனில் கூப்பிட்டாள். புதுக் கட்டடத்தில் இரண்டாவது வாரம். மின்விசிறி சத்தம் போடுகிறதாம், நாற்காலி மட்டமாம், கட்டினவனுக்கு மூளையே இல்லையாம். அதற்குள் இரண்டு பாட்டில் தண்ணீர் காலியாம்.

நான் தூரிகையைக் கழுவிக்கொண்டே கேட்டேன்.

"சரிடி, வைக்கிறேன்," என்றாள். "விளக்கு அணைஞ்சிடுச்சு."