பதினெட்டாம் தேதி வரை லீவு இல்லை

மார்ச் 3

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நேற்று என்னை சஸ்பெண்டு செய்துவிட்டார்கள். பதினேழு வருஷம் இயக்குநர் குழுக் கூட்டங்களில் குறிப்பெடுத்தவள், இரண்டு பேர் நின்று பார்க்க என் மேசையைக் காலி செய்தேன். தினமும் எனக்கு வணக்கம் வைக்கிற காவலாளி என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்தார்.

எங்கள் வங்கியைப் பெரிய வங்கி ஒன்று வாங்கப்போகும் செய்தி வெளியாவதற்கு ஒன்பது நாள் முன்னால், அப்பாவின் கணக்கில் எங்கள் வங்கிப் பங்குகள் பதினாலாயிரம் வாங்கப்பட்டிருக்கின்றன. செய்தி வந்து விலை ஏறிய அன்றே அத்தனையும் விற்றாகிவிட்டது. வங்கி ரகசியத்தை நான் வெளியே சொல்லி வாங்கவைத்தேன் என்கிறார்கள்; அது ஜெயிலுக்குப் போகிற குற்றம். அப்பாவுக்குப் பங்குச் சந்தை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. அந்தக் கணக்கை நடத்துகிறவன் நீ.

போன மாத ஆரம்பத்தில் போனில் நான் உன்னிடம் என்ன சொன்னேன்? "இந்த மாசம் வர முடியாதுடா, பதினெட்டாம் தேதி வரைக்கும் எங்க செக்‌ஷன்ல யாருக்கும் லீவு இல்ல" என்றேன். வேறு யாராக இருந்தாலும் ஐயோ பாவம் என்று போனை வைத்திருப்பார்கள். நீ இதே வங்கியில் நாலு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன். இயக்குநர் குழு வேலையைப் பார்க்கிற எங்கள் பிரிவுக்கு மட்டும் லீவை நிறுத்தினால் வங்கி கைமாறப்போகிறது என்று உனக்குத் தெரியும். அதை மறந்து வாயைத் திறந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

என்ன செய்யப்போகிறாய்? உடனே எழுது.

அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. போனில் பேசினால் பதிவாகுமோ என்றுதான் எழுதுகிறேன்.

நீ எனக்கு எதுவும் சொல்லவில்லை. நானாக யூகித்தேன். யூகிப்பது ஒரு குற்றமா? கோடி கோடியாகச் சுருட்டியவன் எல்லாம் காரில் போகிறான், இவர்களுக்கு நம் வீடுதான் கண்ணில் படுகிறது. என் கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. என் மகளைக் காலேஜில் சேர்க்க வேண்டும். நான் வேறு என்ன செய்வேன்?

வழி ஒன்று இருக்கிறது. அப்பாவிடம் பேசிவிட்டேன். "நானே யோசித்து வாங்கினேன்" என்று சொல்லிவிடுவார். அவருக்கு வயதாகிவிட்டது, அவரை என்ன செய்துவிடப் போகிறார்கள்? நீ எதுவும் தெரியாது என்று மட்டும் சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

பாசமுள்ள தம்பி

மார்ச் 11

தம்பிக்கு,

அப்பாவை இதில் இழுக்காதே. விசாரணை பதினாறாம் தேதி பத்து மணிக்கு. நீயே வந்து உண்மையைச் சொல். நீ செய்ததற்கு நீ நிற்கவேண்டும்.

அக்கா

மார்ச் 17

தம்பிக்கு,

நீ வரவில்லை. அப்பா வந்தார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பேருந்தில், தனியாக.

நீ சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தார். விசாரணை அதிகாரி, "ஏன் இந்த பேங்க் பங்கை வாங்கணும்னு தோணுச்சு?" என்று கேட்டார். அதற்கு நீ பதில் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பா சிரித்துக்கொண்டே, "என் பொண்ணு அங்கதானே சார் இருக்கா, அவதான் ஏதோ பெரிய விஷயம் நடக்குதுன்னு சொன்னா" என்றார். எனக்கு நல்ல பெயர் வாங்கித்தருவதாக நினைத்தார். அதிகாரி அதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். உன்னைக் காப்பாற்றப் போய் அப்பா என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தார்.

உன் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அதிகாரி அதை அப்பாவிடம் கொடுத்தார். "கண்ணாடி எடுத்துட்டு வரலம்மா, நீயே படி" என்றார் அப்பா. படித்தேன். "அவரை என்ன செய்துவிடப் போகிறார்கள்" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "அதை இன்னொரு தடவ படி" என்றார். மறுபடியும் படித்தேன்.

அப்பா கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி மடித்து மேசையில் வைத்தார். பிறகு அதிகாரியிடம், "நான் முதல்ல சொன்னதை அடிச்சிடுங்க சார்" என்றார். நடந்ததைச் சொன்னார். கையெழுத்துப் போட்டார். அவரை அப்படிக் கையெழுத்துப் போடவைத்ததற்கு நான் உன்னை மன்னிக்கவே மாட்டேன்.

இந்த வாரம் உன்னைத் தேடி வருவார்கள். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்பாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்காதே. நீ அழுதால் அவர் மறுபடியும் மாற்றிச் சொல்லிவிடுவார்.

அக்கா