சப்பரத்துக்குக் கொடுத்த தோள்

இராயபுரம்,
புதன்கிழமை.

அன்பு மகள் ஷைனிக்கு அம்மா ஃப்ளோரன்ஸ் எழுதுவது. மாதா புண்ணியத்தில் பூனாவில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். வாட்ஸ்ஆப்பில் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. இதையாவது கிழிக்காமல் படி.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு ஹார்பரில் இந்த மாதம் பகல் ஷிப்ட். மழைக்கு மாடி ஒழுகுகிறது. நீ விட்டுப்போன கறுப்பு பேன்ட்டைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

சுற்றி வளைப்பானேன், நான் உனக்குச் செய்தது துரோகம்தான்.

ஜாஸ் டான்ஸ் என்றதும், இடுப்பை ஆட்டுகிற சமாச்சாரம்தானே என்று கேலி செய்தவள் நான். லீவுக்கு வந்தபோது நம் தெருக் கோயில் ஹாலில் எல்லார் முன்னாலும் நீ உடம்பை அசைக்காமல் வலது தோளை மட்டும் துடிக்கவிட்டாய் பார், என் தோளே வலித்தது. மாதாவுக்குப் பூ கட்டுவதும் புடவை தைப்பதும் மாதா நிற்கிற கெபியைக் கழுவுவதும் பொம்பளை, சப்பரம் தூக்க மட்டும் ஆம்பளை என்று ஒரு வார்த்தை பேசாமல் ஆடிக் காட்டினாய். பிறகு ஒரு சின்னப் பெண் சப்பரத்தின் கீழே புகுந்தாள்.

அவள் நான்தான். என் கல்யாணத்துக்கு முந்தின வருஷத் திருநாளில் மழை. சப்பரம் தூக்கிவந்த சவரிநாதன் மாமா வழுக்கி விழுந்தார். மாதா சாய்ந்துவிடுவாளே என்று ஓடிப்போய்த் தோள் கொடுத்தேன். மறுநாள் நான் தொட்ட சப்பரத் தண்டைத் தீர்த்தம் தெளித்துக் கழுவினார்கள். என்னைச் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னார்கள். முன்னால் நின்று கழுவியவர் உன் அப்பாவைப் பெற்றவர். அப்பா அப்போது தூத்துக்குடியில் வேலையில் இருந்தார், அவருக்குத் தெரியாது. உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். இதை ஆடட்டுமா என்று கேட்டாய். ஆடு என்றதும் நான்தான்.

ஆட்டம் முடிந்ததும் திருநாள் கமிட்டிக்காரர்கள், மாதாவை வச்சு இன்னாத்துக்குப் பொய் சொல்றே என்று உன்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நீ என்னைப் பார்த்தாய். மெய்யாலுமா ஃப்ளோரா என்று அப்பா கேட்டார். முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை, பிள்ளை கற்பனை பண்ணிக்கினா என்று சொல்லிவிட்டேன். நம் ஊருக்குப் பேர் கொடுத்த இராயப்பரும் ஆண்டவரை மறுதலித்தார்தான். நான் மறுதலித்தது பெற்ற பிள்ளையை.

போன ஞாயிறு மாதா சபைக் கூட்டத்தில் ஜெபமாலை முடிந்ததும் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தண்டு அழுத்திய தோள் தழும்பையும் காட்டினேன். சிலுவையம்மாள் தலை நிமிராமல், தெரியுமேடி, உன் பின்னாடி மெழுகுவத்தி புடிச்சுகினு வந்தவளே நான்தானே என்றாள். அன்று ஹாலிலும் அவள் இருந்தாள். அவளைத் திட்ட எனக்கு ஏது வாய்?

அப்பா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. இன்று காலை மட்டும், பிள்ளை எப்போ வருது என்று கேட்டார்.

வா ஷைனி. இதே தெருவில் மறுபடி ஆடு. யார் கேட்டாலும் நான் எழுந்து நிற்கிறேன். ஒன்றை மட்டும் திருத்திக்கொள். உன் ஆட்டத்தில் அவள் ஏழு அடிதான் சுமக்கிறாள். உன்னிடம் அப்படித்தான் சொன்னேன், அதுவும் பொய். மாவு மில்லிலிருந்து கெபி வாசல் வரைக்கும் நான்தான் சுமந்தேன். நடுவில் தோள் மாற்ற ஆள் வந்தது. நான் விடவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில்கூட அதைச் சொல்லவில்லை.

அந்தச் சந்தோஷத்தையும் சேர்த்து ஆடு, மகளே. மாதா உன் தோளோடு இருப்பாள்.

உன் அம்மா,
ஃப்ளோரன்ஸ்