வடிவியலும் கிராஃபும் மட்டும்

இன்று காலை பத்தாம் வகுப்புக்குள் நுழைந்தபோது யாரோ ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தார்கள். ரப்பரும் பென்சில் சீவலும் கலந்த அந்த வாசனை வந்ததும் நீதான் கண்முன் வந்து நின்றாய். உன்னிடம் பேசாமல் இருக்க முடியவில்லை. படிக்க நீ இல்லை என்பது தெரிந்துதான் எழுதுகிறேன். இந்த ஆடியில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லையே.

நாம் பத்தாவது படித்த வருஷம், காலாண்டுத் தேர்வு முடிந்ததும் நம் வகுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். நான் ஏ பேட்ச், வகுப்பறைக்குள். நீ பி பேட்ச், வேப்பமரத்தடியில். அதுவரை இருவரும் ஒரே பெஞ்ச். எங்களுக்குப் புத்தகம் முழுவதும் நடந்தது. உங்களுக்கு வடிவியலும் கிராஃபும் ஒரு மார்க் கேள்விகளும் மட்டும். பாஸாக அது போதுமாம். மிச்ச வருஷம் பூராவும் தொடுகோடு வரைந்ததில் பள்ளிக்கூடத்திலேயே அதில் உன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. நானே மரத்தடிக்கு வந்து உன்னிடம் படித்துக்கொண்டேன். "பென்சில கூராச் சீவுடி மொதல்ல, கோடு நூலாட்டம் விழணும்" என்று அதட்டுவாய்.

பாஸானாய். புதுக்கோட்டையில் பாலிடெக்னிக்கில் சேர்ந்தாய். "சிவில் எடுத்துருக்கேன்டி, ஒனக்கும் ஒரு வீடு கட்டித் தாரேன்" என்று பஸ்ஸில் நீ போட்ட சத்தத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே கணக்கு வகுப்பில், பத்தாவது அல்ஜீப்ரா எல்லாருக்கும் தெரியும் என்று வைத்துக்கொண்டு மேலே போய்விட்டார்கள். நீ அந்தப் பக்கங்களைப் புரட்டியதே இல்லை. தீபாவளிக்கு ஊருக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை.

இலுப்பூர் ஜவுளிக்கடையில் நீ வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் வந்து பார்த்தேன். "கணக்கு வராதுன்னு விட்டுட்டியா?" என்று கேட்டேன். பிரித்துப் போட்ட சேலையை மடித்துக்கொண்டே, கோபமாகத்தான் சொன்னாய்:

"வராதுன்னு எப்புடிடி தெரியும்? சொல்லிக் குடுத்துப் பாத்துட்டுல்ல சொல்லணும்."

அந்தக் கேள்வியோடுதான் நான் கணக்கு டீச்சரானேன்.

உன் மகள் இப்போது என் வகுப்பில்தான் இருக்கிறாள். அம்மாவைப் பறிகொடுத்த கையோடு எழுதிய காலாண்டுத் தேர்வில் மார்க் எங்கிருந்து வரும்? நேற்று ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டார்.

"வீக்கா இருக்குற பிள்ளைங்களத் தனியா உக்கார வச்சிருங்க டீச்சர். வடிவியலும் கிராஃபும் மட்டும் போடட்டும். பாஸாயிருவாங்க."

கெட்ட மனிதர் இல்லை. ரிசல்ட் குறைந்தால் மேலிடத்தில் அவரைத்தான் வறுத்தெடுப்பார்கள். பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். முதல் பெயரே உன் மகளுடையது.

"முடியாதுங்க சார்," என்றேன். "எல்லாப் பிள்ளைங்களும் ஒரே ரூம்ல இருக்கட்டும். முழுப் புத்தகமும் நடத்துறேன். திணறுற பிள்ளைங்களுக்குச் சாயங்காலம் நானே இருந்து சொல்லித் தாரேன்."

"ஒரு பிள்ளை ஃபெயிலானாலும் நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்றேங்க."

அவர் பயப்படுகிறபடியே நடந்துவிட்டால் என்ற பயம் எனக்கும் இருக்கிறது. இருந்தாலும் பின்வாங்கப் போவதில்லை. உன் மகளுக்காக என்று மட்டும் நினைத்துவிடாதே. அவர் சொன்ன பெயர்கள் அத்தனைக்கும் சேர்த்துத்தான் மறுத்தேன்.

நீ விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்தக் கோபம்தான். அது ஆறக் கூடாது என்று பார்த்துக்கொள்கிறேன். அதோடுதான் இன்று பலகையில் இருபடிச் சமன்பாட்டை எழுதி, தீர்த்து முடித்தேன். திரும்பினால் உன் மகள் எழுந்து நின்றாள். நீ போன பிறகு வகுப்பில் அவள் வாய் திறந்தது இன்றுதான்.

"புரியல மிஸ். மொதல்லேருந்து சொல்லுங்க."

பலகையை அழித்துவிட்டு முதலிலிருந்து சொன்னேன்.