ஓட முடியாத ஓட்ட உடை

என் அன்புக்குரியவருக்கு வணக்கம். நான் நலம். உங்கள் இடுப்பு வலி குறைந்ததா? தைலம் தேய்க்கச் சோம்பல்படாதீர்கள்.

இங்கே ஒரு கூத்து நடந்தது; பயப்பட ஒன்றுமில்லை. பணக்காரர்களுக்குக் கவுன் தைத்துக்கொண்டிருந்த எங்கள் கம்பெனி, இப்போது விளையாட்டு உடையில் இறங்கியிருக்கிறது. பட்டுத் துணியில் ஓட்டக்காரர் பேன்ட்! "இதுல முட்டி மடங்காது மேடம்" என்று டிசைனரிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டேன். "இதைப் போட்டுக்கிட்டு யாரு ஓடப்போறாங்க? போட்டோவுக்கு நின்னா போதும்" என்று சிரித்தாள்.

போட்டோவுக்கு நிஜமான ஓட்டக்காரி ஒருத்தியையே அழைத்து வந்தார்கள். அவள் ஓடுவதற்குக் குனிந்ததும் பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது. மேனேஜர் என்னைப் பார்த்து, "என்னம்மா தையல் இது?" என்று கத்தினார். டிசைனர் மெல்ல கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அந்தப் பெண்தான் இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு, "தையல் அப்படியே இருக்கு. துணிதான் கிழிஞ்சிருக்கு, பாருங்க" என்றாள்.

பார்த்தார்கள். நீளும் துணியில் வேறொன்று தைக்கச் சொன்னார்கள். மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு அவள் சிட்டாய் ஓடினாள். எல்லாரும் டிசைனருக்குக் கை தட்டினார்கள். என்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்பு? மூச்! வயிறு எரிகிறது.

போகட்டும். மிஞ்சிய துணியை என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நம் மகளுக்கு ஒரு பேன்ட் தைக்கிறேன். அவள் இடுப்பையும் கால் நீளத்தையும் அளந்து எழுதுங்கள். என்னிடம் இருப்பது அவளுடைய ஐந்து வயது அளவுதான்.

மெஷின்கள் ஓட ஆரம்பித்துவிட்டன, போகிறேன். அளக்கும்போது, அவள் உங்கள் நெஞ்சுவரை வந்துவிட்டாளா என்றும் எழுதுங்கள்.

உங்கள் மனைவி