வெரெஸ்கின் பரம்பரையும் ஆனந்தராசா பெரியப்பாவும்

பலெர்மோ,
12.10.1996

அன்பு மகள் அனிற்றாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உடம்பால் சுகம், மனத்தைப் பற்றிக் கேளாதே. ரொறன்ரோக் குளிரில் நீ நலமாக இருக்க மாதாவை மன்றாடுகிறோம்.

உன்னைக் கட்டப்போகிற விமலராஜின் பெரியப்பா ஆனந்தராசா போன ஞாயிறு தொலைபேசி எடுத்தார், அதுவும் நான் வேலை செய்கிற மொண்டெல்லோ வீட்டுக்கு. இலக்கம் நீ கொடுத்ததாம். "ரஷ்யப் பிரபு வீட்டில எஞ்சினியராமே, பிள்ளை சொன்னவ" என்றார். ஊரில் மின்வேலை படித்தது உண்மை. இப்போது எண்பத்தெட்டு வயது ரஷ்ய அம்மா சிஞ்ஞோரா லுத்மிலாவைக் குளிப்பாட்டிச் சூப் பருக்குவதும் உண்மை. இதில் உனக்கு எது வெட்கம்? மனிதர் அதோடு விட்டாரா, "மன்னாரில நீங்கள் என்ன ஆக்கள், பூட்டன் ஆர்" என்று சாதியைத் தோண்டத் தொடங்கினார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பரம்பரைதானே வேணும், கேளுங்கோ என்று சிஞ்ஞோராவின் வெரெஸ்கின் குடும்பத்தை எடுத்துவிட்டேன். முதல் வெரெஸ்கின் ரஷ்யாவின் ஜார் மன்னனின் குதிரைக்கு லாடம் அடித்துப் பட்டம் வாங்கினவன். பேரன் ஆளுநர், பஞ்சத்தில் தானியக் களஞ்சியத்தைப் பூட்டிவைத்தவன். அவன் மகன் சீட்டாட்டத்தில் ஒரு கிராமத்தைச் சனத்தோடு தோற்றவன். இன்னொருவன் தளபதி, சண்டை முடிந்த பிறகு போய்ப் பதக்கம் வாங்கினவன். நத்தாலியா என்று ஒருத்தி, அம்மை கண்ட குடியானவப் பிள்ளைகளைப் பார்த்து அதே அம்மையில் செத்தவள், சிஞ்ஞோரா வீட்டுச் சுவரில் எல்லார் படமும் தொங்குது, அவள் படம் மட்டும் இல்லை. "இதில எந்த ஆளைக் கேக்கிறியள், அண்ணை?" என்றேன். போனை வைத்துவிட்டார்.

அதற்கு நீ அழுதுகொண்டு, "பெரியப்பாவிட்ட மன்னிப்புக் கேளுங்கோ, இல்லாட்டிக் கலியாணத்துக்கு வராதேங்கோ" என்கிறாய். கேட்கமாட்டேன். கம்பி அறுந்தால் அறுந்தது என்று சொல்வதுதான் நான் படித்த படிப்பு. மேலே பொலித்தீன் சுற்றி மறைத்தால் ஒருநாள் தொடுகிற ஆள் சாவான். இருபதில் உன்னைப் பெற்றவன் நான், இன்னும் நாற்பது தாண்டவில்லை, பொறுமை வரக் காலம் கிடக்கிறது.

சிஞ்ஞோராவின் அக்கா தோட்டத்து நீராவி இயந்திரக்காரனைக் கட்ட நின்றாளாம். எங்கள் இரத்தம் என்ன, அவன் இரத்தம் என்ன என்று தகப்பன் கதவைச் சாத்தினார், அவள் அவனோடு போய்விட்டாள். புரட்சி வந்து குடும்பம் கப்பலேறியபோது அவளுக்கு ஒருவரும் ஆள் அனுப்பவில்லை. மற்றவர்கள் கதையெல்லாம் சிரித்துச் சொல்லுகிற சிஞ்ஞோரா, இந்த இடத்தில் சூப்பைத் தள்ளிவிடுவா.

நான் கதவு சாத்துகிற தகப்பன் இல்லை. விமலராஜுக்கு என் வேலை தெரியுமா? தெரியாவிட்டால் இன்றைக்கே நீ சொல்லு. தெரிந்தும் அவன் கட்ட நின்றால், பெரியப்பா வாசலில் குறுக்கே படுத்தாலும் நான் வருவேன். பயணத்துக்காக என் பெர்மெசோவை, அதுதான் இங்கே தங்குகிற அனுமதியை, புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கு நம் இருவரோடும் கோபம், ஆனாலும் சீசாப் பகுதிக் கடையில் உன் கலியாணச் சட்டைக்கு லேஸ் வாங்கி வைத்திருக்கிறா.

மடு மாதா உன்னைக் காக்கட்டும். வெளியே போனால் காதை மூடு. முதலில் அவனோடு கதை, பிறகு எனக்கு எடு.

மொண்டெல்லோவில் வயோதிபப் பெண்ணைப் பராமரிக்கும்
உன் அப்பா,
கிறிகோரி