மரச்சுவருக்கு அந்தப் பக்கம்

தோச்சிகுபோ வெந்நீரூற்று விடுதி,
பிப்ரவரி 19, வியாழக்கிழமை

அன்பு மகள் சிகுசாவுக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் நலம், உன் உடம்பும் அந்த ஊர்க் குளிரும் எப்படி இருக்கின்றன என்று எழுது. கடிதத்தின் முதல் வரியில் கை தானாக எழுதிவிடுகிற வார்த்தைதான் இந்த 'நலம்', ஆனால் இந்தத் தடவை யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன், ஏன் என்று படித்துக்கொண்டே வா, தெரியும். நீ அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது, அப்பாவுக்கு அளவெடுத்தது போல இருக்கிறது, எனக்குக் கொஞ்சம் பெரிது, ஆனாலும் நான்தான் போட்டுக்கொண்டு திரிகிறேன். நார்வேயில் மீன் கம்பெனியில் வேலை பார்க்கிறவள் வேளாவேளைக்கு மீனாவது சாப்பிடுகிறாயா, இல்லை ரொட்டியும் காப்பியுமாகவே பொழுதை ஓட்டுகிறாயா?

மேலே முகவரியைப் பார்த்துத் திகைத்திருப்பாய். ஆமாம், நாங்கள் வீட்டில் இல்லை, இங்கே வந்து ஐந்து நாளாகிறது. செப்டம்பரில் அப்பாவின் குரல்வளையை எடுத்தார்களே, அதற்குப் பிறகு அவர் யார் கண்ணிலும் படுவதில்லை. கழுத்தில் இருக்கும் அந்தத் துளை வழியாகத்தான் மூச்சு, அதை மூடுகிற துணிக்கு மேல் ஒரு சால்வை, அதற்கு மேல் சட்டைக் காலர். வீட்டில் குளிக்கும்போதுகூடக் கதவைத் தாழிட்டுக்கொள்கிறார், முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்த எனக்கே காட்டமாட்டார். தெருமுனைப் பொதுக் குளியல்கூடத்துப் பக்கம் போவதே இல்லை. மீன் சந்தையில் ஏலம் கூறிய குரலாயிற்றே அது, உனக்கு நினைவிருக்கும், அங்கே ஆண்கள் பக்கத்திலிருந்து "ஏய், நான் தண்ணிய விட்டு ஏறப்போறேன், நீயும் கிளம்பு!" என்று அவர் கத்தினால் பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிக்கும், நான் தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொள்வேன். ஏதாவது வேண்டுமென்றால் அடிக்கட்டும் என்று ஒரு கைமணி வாங்கிக் கொடுத்தேன். பேச்சுக்குப் பதிலாக வைத்திருக்கும் சின்னப் பலகையில் 'மணி மாட்டுக்குக் கட்டுறது' என்று எழுதிக் காட்டிவிட்டு அதை அலமாரிக்குள் போட்டு மூடிவிட்டார். தினமும் விடியற்காலையில் மணியடித்து ஏலத்தைத் தொடங்கி வைத்தவரே அவர்தான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது, என் மடத்தனத்தை நானே நொந்துகொண்டேன். அதனால்தான் இந்த யோசனை வந்தது. அவர் குரலை ஒருநாளும் கேட்டிராத மனிதர்கள் இருக்கிற இடமாகப் பார்த்துப் போய்விட்டால், அது எங்கே போயிற்று என்று யாரும் கேட்கமாட்டார்கள் இல்லையா?

இங்கே வாரக்கணக்கில் தங்கி, நாமே சமைத்துச் சாப்பிட்டு, ஒரு நாளைக்கு மூன்று தடவை வெந்நீரில் கிடந்து உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான், வேறு வேலை கிடையாது. கட்டிடத்துக்கு முந்நூறு வயது என்கிறார்கள், கூரையைப் பார்த்தால் நம்பலாம், கழிப்பறையைப் பார்த்தால் நம்ப முடியாது, சூடேறும் இருக்கை வைத்திருக்கிறார்கள். மாடிப்படி ஒவ்வொன்றும் நடுவில் பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது, எட்டாவது படி மட்டும் புதிதாக இருந்தது, ஏன் என்று விடுதிக்காரம்மா ஃபுமியோவிடம் கேட்டேன், போன வருஷம் ஒரு சுமோ பயில்வான் வந்து தங்கினார் என்று மட்டும் சொன்னாள், மேலே கேட்கவில்லை. கூடத்துக் கடிகாரம் பத்து நிமிஷம் முந்தி ஓடுகிறதே என்று அதையும் கேட்டேன். "பஸ்ஸ விட்டுட்டா அடுத்தது நாளைக்குத்தாம்மா, அதான் ஓட வுட்டிருக்கேன்" என்றாள். எனக்கு எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்காவிட்டால் சோறு இறங்காது என்று நீயும் அப்பாவும் கேலி செய்வீர்களே, இங்கே வந்து அது இன்னும் முற்றிவிட்டது என்று வைத்துக்கொள். ஆனால் நான் தெரிந்துகொள்ளத் துடித்த ஒன்று மட்டும் எட்டவே இல்லை, குளியல்கூடத்தில் ஆண்கள் பக்கம் தொங்கும் நீலத் திரைக்குப் பின்னால் அப்பா என்ன செய்கிறார் என்பதுதான் அது.

முதல் நாள் அவர் அறையை விட்டு அசையவில்லை. இரண்டாம் நாள் மதியம் என்ன தோன்றியதோ, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நீலத் திரைக்குள் போனார், நான் ஓட்டமும் நடையுமாகப் பெண்கள் பக்கத்துச் சிவப்புத் திரைக்குள் புகுந்தேன். தண்ணீர் அரிசி கழுவிய நீர் மாதிரி வெள்ளையாக இருக்கும், இறங்கினால் நம் காலே நமக்குத் தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மரச்சுவர் ஒன்று, அது கூரை வரை எட்டாது, ஆவி இங்கிருந்து அங்கே போகும், பேச்சும் அப்படித்தான். ஒரு சத்தமும் வரவில்லையே என்று மனது கேட்கவில்லை, வீட்டில் கூப்பிடுகிற பழக்கத்தில் "அப்பா! தண்ணில இறங்கிட்டீங்களா?" என்று குரல் கொடுத்துவிட்டேன். பிள்ளை பெற்ற எல்லாப் பெண்களும் நம் ஊரில் புருஷனை அப்பா என்றுதானே கூப்பிடுகிறோம், அந்தப் பக்கத்திலிருந்து மூன்று கிழவர்கள் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். ஒருவர் "என்னம்மா?" என்றார், ஒருவர் "இறங்கியாச்சு, இறங்கியாச்சு" என்றார், மூன்றாமவர் "அஞ்சு நிமிஷம் குடுடி, இப்பத்தான் வந்தேன்" என்று சலித்துக்கொண்டார். பெண்கள் பக்கம் சிரித்து அடங்கவில்லை, நானும் சிரித்தேன், பிறகு அந்த மூன்றில் எதுவும் அவருடையது இல்லை, இனி எப்போதும் இருக்கப்போவதில்லை என்று நினைத்ததும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வெளியே வந்தால் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். துண்டைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமே இல்லை. பலகையில் 'கூட்டம்' என்று எழுதிக் காட்டினார். உடை மாற்றும் அறையில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுச் சால்வையைக் கூடக் கழற்றாமல் எழுந்து வந்திருக்கிறார்.

மறுநாள் பொதுச் சமையலறையில் முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தபோது, ஓனோதெரா வீட்டு யோனெகோ அக்கா, புருஷனோடு இங்கே தங்க வந்திருக்கிற ஆப்பிள் தோட்டக்காரி, நல்ல வாயாடி, "உங்க வீட்டுக்காரர் ஒரு வார்த்த பேச மாட்டேங்கறாரே, ரொம்பக் கோவக்காரரா?" என்று கேட்டாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்றுதானே இவ்வளவு தூரம் வந்தேன், ஆனால் கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், மணி வாங்கிக் கொடுத்ததைக் கூட விடவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. அப்பா காதுக்குப் போனால் அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிடுவாரே!

அன்று மதியம் அந்தப் பெஞ்சில் நடந்ததை யோனெகோ அக்கா பிறகு எனக்குச் சொன்னாள். அவள் புருஷன் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வயிற்றில் மேலிருந்து கீழ் வரை ஓடும் தழும்பைக் காட்டி, "இதப் பாருங்கண்ணே, டாக்டரு மூணு தடவ தொறந்து மூடினது, ஜிப்பு வெச்சுத் தெச்சுடுங்கன்னேன், கேக்கல" என்றாராம். அப்பாவின் தோள் குலுங்கியதாம், சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் மனிதர் கொஞ்சம் பயந்துபோனாராம். பிறகு "இடுப்பளவு தண்ணியில உக்கார உள்ளாற ஒரு கல்லு இருக்கு, கழுத்துக்குத் தண்ணி வராது, உங்களுக்காக எடம் புடிச்சு வெச்சிருக்கேன், வாங்க" என்று எழுந்து போய்விட்டார், திரும்பிப் பார்க்கவில்லை.

இதெல்லாம் தெரியாமல் நான் இந்தப் பக்கம் தண்ணீரில் கிடந்தேன். இனிமேல் கூப்பிடவே கூடாது என்று முடிவு செய்துதான் இறங்கினேன், என் வாய்க்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது என்பது உனக்குத் தெரியும். "அப்பா!" என்றேன். இந்தத் தடவை ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஆள் இல்லாமல் இல்லை, ஒருவர் இருமினார், யாரோ தண்ணீரை வாரி ஊற்றிக்கொண்டது கூடக் கேட்டது, ஆனால் ஒரு வார்த்தை வரவில்லை. நேற்று நான் கத்தியதில் கோபித்துக்கொண்டார்களோ என்று எனக்கு உடம்பு கூசியது. அப்போது டொக் என்று ஒரு சத்தம், கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. குளிக்கிற மரச்செம்பைக் கல்தரையில் தட்டுகிற சத்தம். எனக்கு மண்டையில் ஏறவே இல்லை, யாரோ செம்பைக் கவிழ்க்கிறார்கள் என்று நினைத்து வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். யோனெகோ அக்கா என் ஈர முதுகில் பளாரென்று ஒன்று போட்டு, "கூப்பிட்டவ நீதானே, பதில் சொல்லேன்டி!" என்றாள். அந்தம்மா கூப்பிட்டால் யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று அவள் புருஷன் மற்ற இருவரிடமும் சொல்லி வைத்திருக்கிறார், அப்பாவுக்கும் அது தெரிந்திருக்கிறது, தெரியாதவள் நான் ஒருத்திதான். கையில் கிடைத்த செம்பை எடுத்து நானும் இரண்டு தட்டினேன். பிறகு அழுதேன் சிகுசா, நன்றாகவே அழுதேன், வெட்கப்படவில்லை.

இப்போது அதற்கென்று சட்டதிட்டமே வந்துவிட்டது. இரண்டு தட்டினால் இங்கே இருக்கிறேன், மூன்று தட்டினால் ஏறப்போகிறேன், நீயும் கிளம்பு. நேற்று அவர் ஏழு தட்டினார், ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு, அதற்கு என்ன அர்த்தம் என்று சாப்பாட்டில் கேட்டேன், படுக்கையில் கேட்டேன், பலகையைத் துடைத்து வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குத் தலை வெடிக்கிறது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. இந்த ஐந்து மாதமாக நீ என் போனுக்குத்தான் கூப்பிடுகிறாய், "அப்பா எப்படி இருக்கார்" என்று என்னிடமே கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். பேச முடியாதவரிடம் என்ன பேசுவது என்று உனக்குப் பயம், உன்மேல் தப்பில்லை, நானும் கைமணியை வாங்கிக்கொண்டு வந்து நின்றவள்தானே. ஆனால் அவர் ஒவ்வொரு தடவையும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனுக்கு அருகே காதைக் கொண்டுவருகிறார், அது உனக்குத் தெரியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காலை பத்து மணிக்கு, எங்களுக்கு மாலை ஆறு, அவர் போனுக்குக் கூப்பிடு. அங்கே மீன் என்ன விலை போகிறது என்று சொல்லு, அதைக் கேட்டாலே அவருக்குப் பாதி நோய் போய்விடும்.

நீ தீர்க்காயுசாக, சளி காய்ச்சல் அண்டாமல், நல்ல மனிதர்கள் நடுவில் நிறைவாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் வாழ்த்துகிறோம். ஐஸில் நடக்கும்போது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடக்காதே. ஞாயிற்றுக்கிழமையை மறக்காதே, அப்பா போனை எடுத்ததும் சத்தமே இல்லை என்று பதறி வைத்துவிடாதே, கொஞ்சம் பொறு, இரண்டு தட்டு கேட்கும். பக்கத்தில் கரண்டியோ கோப்பையோ எது இருக்கிறதோ அதை எடுத்துப் பதில் சொல்லடி.

உன் அம்மா,
மசாயே